புது கேமரா அறிவிப்பு வந்த ராத்திரி செய்யக்கூடாதவை

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி, பதினொன்றரை மணிக்குப் போன். அம்மாப்பேட்டைப் பையன். என்னிடம் இரண்டு வருடம் லைட் பிடித்தவன், இப்போது தனியாகக் கல்யாண ஃபோட்டோ எடுக்கிறான்.

"அண்ணா, அறிவிச்சுட்டாங்க. நாளைக்கு முன்பதிவு ஆரம்பம். என் பழைய பாடிக்கு ஆள்கூடப் பாத்துட்டேன்."

பாடி என்றால் லென்ஸ் சேராத கேமரா. எந்த கேமரா என்று சொல்லப்போவதில்லை. மிரர்லெஸ்ஸில், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத கேமராக்களில், மாதத்துக்கு ஒன்று வந்துகொண்டேதான் இருக்கிறது, பெயரைச் சொன்னால் இந்தக் கட்டுரை மூன்று மாதத்தில் பழசாகிவிடும். அன்று எனக்குத் தூக்கம் போனதற்குக் காரணம், அவன் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் ஒரு காலத்தில் என் வாயிலிருந்து வந்தது என்பதுதான்.

பட்ஜெட் பார், ஈஎம்ஐ வட்டியைக் கணக்குப் போடு, நிஜமாகவே தேவையா என்று யோசி என்பதெல்லாம் உங்கள் வீட்டிலேயே தினமும் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன். பணம் கட்டிய பிறகு மட்டுமே தெரியவரும் தவறுகள் சில இருக்கின்றன, அவற்றை மட்டும் எழுதுகிறேன்.

பழைய பாடியை முதலில் விற்பது

அறிவிப்பு வந்த நாள் வேறு, கேமரா சேலம் வந்து சேரும் நாள் வேறு. நடுவில் எத்தனை வாரம் ஓடும் என்று கடைக்காரருக்கே தெரியாது. "ரெண்டு வாரத்துல வந்துடுங்க" என்பார். அவருக்கு மேலே இருப்பவர் அவரிடம் அப்படிச் சொல்லியிருப்பார், அவ்வளவுதான்.

நான் ஒருமுறை மார்கழியில் விற்றேன். தை முகூர்த்தத்துக்குப் புதுசு வந்துவிடும் என்று கணக்கு. வந்தது மாசிக் கடைசியில். தை முழுவதும் வாடகைப் பாடிதான். ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் முதல் நாள் சாயங்காலம் ஃபேர்லேண்ட்ஸ் வரை போய், ஆதார் ஜெராக்ஸும் டெபாசிட்டும் கொடுத்து எடுத்து வர வேண்டும். யார் யாரோ தேய்த்த பட்டன், யாரோ மாற்றி வைத்த செட்டிங். விற்ற பணத்தில் பாதி அந்த வாடகையிலேயே போனது.

இன்னொன்று. கல்யாண வேலையில் பழைய பாடி என்பது பழைய பாடி இல்லை, அது இரண்டாவது பாடி. ஒரே பாடியோடு முகூர்த்தத்துக்குப் போவது, ஸ்டெப்னி இல்லாமல் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காடு போவது மாதிரி. பல தடவை ஒன்றும் ஆகாது. ஆகும்போது பதினான்காவது வளைவில் ஆகும்.

"வினாடிக்கு 20 படம்" என்ற வரியை மட்டும் படிப்பது

இதைத்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்லவேண்டும். வருடங்கள் ஆகியும் இன்னும் எரிச்சல் தணியவில்லை.

அறிவிப்பில் கொட்டை எழுத்தில் ஒரு வேகம் போடுவார்கள். அதன் பக்கத்தில் எறும்பு அளவில் ஒரு குறியீடு இருக்கும். அதைத் தேடிப் போனால் பக்கத்தின் அடியில் "எலக்ட்ரானிக் ஷட்டரில்" என்று இருக்கும். உதாரணத்துக்கு, 2020-ல் வந்த கேனான் ஆர்6: மெக்கானிக்கல் ஷட்டரில் வினாடிக்கு 12 படம், எலக்ட்ரானிக்கில் 20. இரண்டும் உண்மையான எண்கள்தான், ஒளித்து வைக்கவும் இல்லை. ஆனால் நம் மனதில் நிற்பது இருபது மட்டும். கூடவே "சத்தமே இல்லாமல்" என்பதும் சேர்ந்துகொள்ளும்.

எனக்கும் அதுதான் நின்றது. வேறொரு பாடி, அறிவிப்பு வந்த அன்றே முன்பதிவு செய்து வாங்கியது. கைக்கு வந்து நாலாவது நாள் ஊருக்குள் ஒரு மண்டபத்தில் முகூர்த்தம். சைலன்ட் மோடில், அதாவது எலக்ட்ரானிக் ஷட்டரில், போட்டுக்கொண்டு மேடை ஏறினேன். ஐயர் மந்திரம் சொல்லும்போது என் கேமரா சத்தம் போடவில்லை என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை. கெட்டிமேளம், தாலி, மூன்று முடிச்சு, எல்லாவற்றுக்கும் விரலை எடுக்கவே இல்லை. பின்பக்கத் திரையில் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. கைக்குட்டை அளவுத் திரையில் எது நன்றாக இருக்காது?

ராத்திரி கம்ப்யூட்டரில் திறந்தால் படம் முழுக்கப் பட்டை. அரக்குப் பட்டுச் சேலையில் குறுக்கே வெளிச்சமும் நிழலுமாக மாறி மாறிக் கோடுகள். பெண்ணின் நெற்றியில் ஒன்று, மாப்பிள்ளை கையில் ஒன்று. ஓரத்தில் தவில்காரர் கையிலிருந்த குச்சி, புளிய விளார் மாதிரி வளைந்து நின்றது. கலரை மாற்றினேன், கருப்பு வெள்ளை ஆக்கினேன், கோடு போகவில்லை.

ஏன் அப்படி ஆனது என்பதை அப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். வாங்குவதற்கு முன் படித்திருக்க வேண்டியது.

மெக்கானிக்கல் ஷட்டரில் இரண்டு திரைகள், படத்தைப் பதியும் சென்சாரின் முன்னால் சட்டென்று ஓடிவிடும். எலக்ட்ரானிக் ஷட்டரில் ஓடும் திரை கிடையாது. சென்சார் தன்னைத்தானே மேல் வரியில் தொடங்கிக் கீழ் வரி வரைக்கும், வரிவரியாகப் படிக்கிறது. சாதாரண ஃபுல் ஃபிரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு) சென்சார் ஒன்று முழுதாகப் படித்து முடிக்க வினாடியில் இருபதில் ஒரு பங்கு, சிலதில் அதற்கு மேலும் ஆகும். நீங்கள் ஷட்டர் ஸ்பீடை ஆயிரத்தில் ஒன்று என்று வைத்தாலும் இது மாறாது. ஒவ்வொரு வரிக்கும் வெளிச்சம் படும் நேரம்தான் ஆயிரத்தில் ஒன்று, மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் நடுவிலான இடைவெளி அப்படியே இருக்கும்.

நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதில் நேராக எரியும் விளக்கு வினாடிக்கு 100 தடவை கூடிக் குறைகிறது. வினாடியில் இருபதில் ஒரு பங்கு என்றால் அதற்குள் ஐந்து தடவை. ஆக, படத்தில் ஐந்து பட்டை. என் படத்தில் எண்ணிப் பார்த்தேன், ஐந்து. மேடையில் இருந்த எல்இடி பார் லைட்டுகள் இதைவிடப் பல மடங்கு வேகமாக மினுக்குபவை, அதனால் மெல்லிய கோடுகளும் ஊடே ஓடின. தவில் குச்சி வளைந்ததற்கும் காரணம் இதுதான். மேல் வரியைப் படித்தபோது ஓர் இடத்தில் இருந்த குச்சி, கீழ் வரிக்கு வரும்போது வேறு இடத்துக்குப் போய்விட்டது.

ஷட்டர் ஸ்பீடை நூறில் ஒன்று அல்லது ஐம்பதில் ஒன்று என்று வைத்தால் 50 ஹெர்ட்ஸ் விளக்குப் பட்டை அடங்கும், ஒவ்வொரு வரிக்கும் முழுச் சுற்று வெளிச்சம் கிடைத்துவிடும் என்பதால். மேடை எல்இடி விளக்குகளுக்கு அது எப்போதும் உதவாது. நான் அன்று வைத்திருந்தது ஐந்நூறில் ஒன்று.

என்னைக் காப்பாற்றியது, கீழே நின்று பழைய டிஎஸ்எல்ஆரில் (கண்ணாடி வைத்த பழைய வகை கேமரா) மெக்கானிக்கல் ஷட்டரில் எடுத்துக்கொண்டிருந்த பையன். அதே அம்மாப்பேட்டைப் பையன்தான். தாலி கட்டும்போது அவனிடம் கோடு இல்லாமல் ஆறு படம் இருந்தது. இரண்டு பக்கம் முழுசாக விரியவேண்டிய இடத்தில் அந்த ஆறையும் சின்னச் சின்னதாகப் போட்டு ஆல்பத்தை முடித்தேன். அதோடு விட்டிருக்கலாம். ஆசை விடவில்லை, என் படத்தில் லேசாகத் தெரிந்த ஒன்றையும் சேர்த்துவிட்டேன். பெண்ணின் தாய்மாமன் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவர் அந்தப் பக்கத்தில் நின்றார். "ஏன் தம்பி, நாங்க எடுத்த சேலையில கோடு இல்லைங்களே?" என்றார். சண்டை போடவில்லை, நிஜமாகவே கேட்டார். மீதிப் பணத்தை நான் கேட்கவில்லை. அந்த வீட்டில் அதற்குப் பிறகு நடந்த இரண்டு கல்யாணத்துக்கும் எனக்குப் போன் வரவில்லை.

எரிச்சல் எதில் என்றால், அந்த சென்சார் எத்தனை மில்லிசெகண்டில் படிக்கிறது என்பதைப் பொறுமையாக அளந்து சொல்பவர்கள் இருக்கிறார்கள். கேமரா விற்பனைக்கு வந்து கொஞ்ச நாளில் அந்த எண் வெளியே வந்துவிடும். அறிவிப்பில் பெரும்பாலும் அது இருக்காது. நான் அந்த எண் வருவதற்கு முன்னால் வாங்கினேன், முன்பதிவுக்கு இலவசமாகக் கொடுத்த பை ஒன்றுக்காக.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. ஸ்டாக்டு சென்சார், அதாவது படிக்கும் சர்க்யூட்டை அடுக்காகப் பின்னால் வைத்த சென்சார், வேகமாகப் படிக்கும். ஃபுல் ஃபிரேமில் அதை 2017-ல் சோனி ஏ9 கொண்டுவந்தது. 2021-ல் வந்த நிக்கான் இசட்9-ல் மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது, அந்தத் தைரியம் சென்சார் வேகத்தால் வந்தது. 2023-ல் அறிவித்த சோனி ஏ9 மார்க் 3 எல்லா வரியையும் ஒரே நேரத்தில் படிக்கும் குளோபல் ஷட்டர். 2024-ல் நிக்கான் இசட்6 மார்க் 3 பாதி ஸ்டாக்டு சென்சாரோடு வந்தது. ஆகவே அறிவிப்பைப் படிக்கும்போது மெகாபிக்சலுக்கு முன்னால் 'ஸ்டாக்டு' என்ற அந்த ஒரு சொல்லைத் தேடுங்கள். இல்லையென்றால், மண்டபத்தில் சைலன்ட் மோடு உங்களுக்குக் கிடையாது என்று எடுத்துக்கொண்டு, மெக்கானிக்கல் வேகத்தை மட்டும் வைத்து விலை சரியா என்று பாருங்கள். பெரும்பாலான பாடிகளில் எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டால் ஃபிளாஷும் எரியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் டெமோ பீஸ் வந்ததும் உங்கள் கார்டை எடுத்துக்கொண்டு போங்கள். சைலன்ட் மோடு, ஐந்நூறில் ஒன்று, கடையின் எல்இடி போர்டையே எடுங்கள். அப்புறம் கேமராவைப் பக்கவாட்டில் வேகமாகத் திருப்பிக்கொண்டே வாசல் கதவை எடுங்கள். கதவு சாய்ந்தால் எவ்வளவு சாய்கிறது என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை. டீ வருவதற்குள் முடிந்துவிடும்.

பாடிக்கு மட்டும் காசு வைப்பது

லென்ஸ் இருக்கே, பழைய லென்ஸைப் புது பாடியில் மாட்டும் அடாப்டர் போட்டுக்கலாம் என்பது அடுத்த வசனம். அடாப்டரில் எல்லாம் ஓடாது. நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டருக்குள் ஃபோக்கஸ் மோட்டார் கிடையாது. பாடி மோட்டாரால் ஓடிய பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள் அதில் மாட்டும், படமும் எடுக்கும், ஆனால் ஃபோக்கஸ் வளையத்தை நீங்கள்தான் திருப்ப வேண்டும். ஓடிவரும் மாப்பிள்ளைத் தோழனுக்கு அது ஆகாது.

பேட்டரி. நிக்கான் டி750-க்கு ஒரு சார்ஜில் 1,230 படம் என்று கணக்கு. அதே முறையில் அளந்தால் முதல் இசட்6-க்கு 310. நடைமுறையில் இரண்டுமே கூடுதலாக வரும், ஆனால் விகிதத்தைப் பாருங்கள். கேனான் ஆர்5-ல் பழைய எல்பி-இ6 பேட்டரி போட்டால் வேலை செய்யும், முழு வேகம் வராது.

கார்டு ஸ்லாட் என்ன வகை என்று பாருங்கள். சிஎஃப்எக்ஸ்பிரஸ் என்றால் டைப் ஏ-யும் டைப் பி-யும் அளவிலேயே வேறு, ஒன்றுக்கு வாங்கியது மற்றதற்கு நுழையாது. ரீடரும் தனியாக வாங்க வேண்டும்.

அப்புறம் வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டர். புது பாடிகள் பதியும் 10 பிட் 4:2:2 எச்.265 என்ற கனமான வகை வீடியோவை அதில் இழுத்துப் பாருங்கள், திக்கித் திக்கி ஓடும். புது பாடியின் ரா ஃபைலை (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) உங்கள் எடிட்டிங் சாஃப்ட்வேர் முதல் சில வாரம் திறக்காமலும் போகலாம். சந்தா கட்டாத பழைய பதிப்பு வைத்திருந்தால் எப்போதுமே திறக்காது.

மெகாபிக்சல்

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு கேட்டலாக் எடுக்கிறேன். முத்து முத்தாகத் தெரிய வேண்டும் என்பார்கள். எடுத்துக் கொடுத்தால் வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள்.

சாம்பிள் படத்தைப் பார்த்து மயங்குவது

அந்தப் படங்களை எடுத்தவர் கையில் ஒரு பெட்டிக் கேமராவையோ பழைய போனையோ கொடுத்தாலும் அப்படித்தான் எடுப்பார். உங்கள் வெளிச்சத்தில் என்ன ஆகும் என்று பாருங்கள். ஏற்காட்டில் பகோடா பாயின்ட்டில் காலை ஆறரைக்கு மேகம் ஏறும்போது, முன்னால் ஜோடி நிற்க, பின்னால் வெள்ளைச் சுவர் மாதிரிப் பனி. கான்ட்ராஸ்டே இல்லாத அந்த இடத்தில் ஃபோக்கஸ் முன்னும் பின்னும் அலைகிறதா, கண்ணைப் பிடிக்கிறதா? என் அவுட்டோர் ஷூட்டில் பாதி அங்கேதான். எந்த அறிவிப்பிலும் அந்தப் படம் வராது.

முதல் நாள் ரிவ்யூ

ரிவ்யூ சொன்னவர் அந்த கேமராவை வைத்திருந்தது ஒரு பகல்.

முதல் ஃபர்ம்வேரில் தீர்ப்பு சொல்வது

ஃபர்ம்வேர் என்பது கேமராவுக்குள் ஓடும் சாஃப்ட்வேர். இது இரண்டு பக்கமும் வெட்டும். 2018-ல் நிக்கான் இசட்6, இசட்7 வந்தபோது கண்ணைப் பிடிக்கும் ஃபோக்கஸ் இல்லை, 2019 மே மாத அப்டேட்டில்தான் வந்தது. வந்ததும் வாங்கியவர் மாதக்கணக்கில் காத்திருந்தார். பொறுத்து வாங்கியவருக்கு அது பெட்டியைத் திறந்த நாளிலிருந்தே இருந்தது, விலையும் இறங்கியிருந்தது. "அப்டேட்ல வரும்" என்று எழுதிக் கொடுக்காத எதையும் நம்பிக் காசு கட்டாதீர்கள். புதுசு வந்த வாரம் முந்தைய மாடலின் விலையையும் ஒரு கண் பாருங்கள், எனக்குக் கிடைத்த நல்ல பேரம் எல்லாம் அங்கேதான்.

பில் இல்லாத பாடி

வேண்டாம்.

முகூர்த்த மாதத்தில் வாங்குவது

ஆடியில் வாங்குங்கள். கல்யாணம் கிடையாது, ஒரு மாதம் கையில் இருக்கும், பட்டன் எல்லாம் விரலுக்குப் பழகும். கோட்டை மாரியம்மன் பண்டிகை கூட்டத்தில் ஃபோக்கஸைப் பழகலாம். குகை வண்டி வேடிக்கைக்கு ராத்திரி போங்கள். சாமி வேஷம் போட்டவர்கள் வண்டிமேல் நிற்க, சுற்றிச் சீரியல் லைட் மினுக்க, வண்டியும் நகர்ந்துகொண்டே இருக்கும். சைலன்ட் மோடில் நான்கு படம் எடுத்தால் உங்கள் சென்சாரின் ஜாதகம் முழுக்க வந்துவிடும். அங்கே யாருடைய தாய்மாமனும் உங்களிடம் வந்து கேட்கமாட்டார்.

அம்மாப்பேட்டைப் பையன் முன்பதிவை அன்று நிறுத்தினான் என்று சொல்ல ஆசைதான். நிறுத்தவில்லை, காலை பத்து மணிக்கே அட்வான்ஸ் கட்டிவிட்டான். ஆனால் பழைய பாடியை விற்கவில்லை. போன வெள்ளிக்கிழமை டெமோ பீஸ் வந்ததும் கடைக்குப் போயிருக்கிறான். எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது: கடையின் பெயர்ப் பலகை, அதன் குறுக்கே பட்டை பட்டையாக. கீழே, "நாலுதான் அண்ணா, உங்களுக்கு அஞ்சு."