ஆட்டோமேஷன் டெஸ்ட்: சிவப்பு விளக்கு வந்தால் யாராவது எழுந்து பார்க்கிறார்களா?

ஆட்டோமேஷன் டெஸ்ட் என்பது ஒரு ப்ரோகிராம் சரியாக வேலை செய்கிறதா என்று தானாகவே ஓடிச் சோதிக்கும் இன்னொரு ப்ரோகிராம். பாஸ் ஆனால் பச்சை, ஃபெயில் ஆனால் சிவப்பு. காலை ஏழரை மணிக்கு பில்ட் (கோடைத் தொகுத்து டெஸ்ட்டுகளை ஓட்டும் வேலை) ஓடினால் ஒரு டெஸ்ட் ஃபெயில் ஆகும். கீழே கோப்பிக்கடைக்குப் போய்விட்டு எட்டேகாலுக்கு வந்து மறுபடி ஓட்டினால் பாஸ் ஆகிவிடும். நான் முன்பு இருந்த ஒரு குழுவில் பல வாரங்கள் இப்படித்தான் போனது. காலையில் சர்வர் மந்தமாக இருக்கும் என்று எங்களுக்கு நாங்களே காரணம் சொல்லிக்கொண்டோம்.

புதிதாகச் சேர்ந்த ஒரு தங்கச்சிதான் ஃபெயில் ஆன திரையின் படத்தைத் திறந்து பார்த்தார். டெஸ்ட் எதிர்பார்த்தது 14ஆம் தேதி, பணம் கட்டியவருக்குப் போகும் ரசீதில் இருந்தது 13. "அண்ணா, டெஸ்ட் சரியாத்தான் சொல்லுது. ரசீதுதான் தப்பு" என்றார்.

சர்வரின் கடிகாரம் யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சிங்கப்பூர் அதைவிட 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது. நமக்கு நள்ளிரவு தாண்டி காலை 8 மணி வரை அந்த சர்வருக்கு இன்னும் நேற்றுதான். அந்த நேரத்தில் பணம் கட்டிய ஒவ்வொருவருக்கும் முதல் நாள் தேதி போட்ட ரசீது போயிருக்கிறது. உண்மையைச் சொன்ன டெஸ்ட்டின் வாயை, மறுபடி ஓட்டும் ரீரன் பட்டனை அழுத்தி அழுத்தி நாங்கள்தான் அடைத்து வைத்திருந்தோம்.

அதற்குப் பிறகு பல குழுக்களில் வேலை பார்த்துவிட்டேன். எந்தக் கருவி, எந்த மொழி என்பதைவிட இந்த ஒன்றைத்தான் முதலில் பார்க்கிறேன்: சிவப்பு வந்தால் யாராவது எழுந்து பார்க்கிறார்களா? கீழே சொல்லும் தவறுகள் எல்லாமே டெஸ்ட் மேல் குழுவுக்கு இருக்கும் நம்பிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிப்பவை.

முதலில் ரீரன். கோட் மாறாமலேயே ஒருமுறை பாஸ், ஒருமுறை ஃபெயில் என்று மாறும் நிலையில்லாத டெஸ்ட் எல்லா இடத்திலும் உண்டு. 2016இல் கூகுள் வெளியிட்ட கணக்குப்படி, அவர்களுடைய டெஸ்ட்டுகளில் ஏறக்குறைய 16 சதவீதம் ஏதோ ஒரு அளவுக்கு நிலையில்லாதவை. ஆகவே ரீரன் செய்வதே கூடாது என்று சொல்ல மாட்டேன். இரண்டாவது முறை பாஸ் ஆனதும் சுவடே இல்லாமல் பச்சையாகிவிடுவதுதான் தவறு. பிளேரைட் போன்ற கருவிகள் அப்படிப் பாஸ் ஆனதைத் தனியாக 'ஃபிளேக்கி' என்று குறித்துக் காட்டுகின்றன. அந்தப் பட்டியலை ஒருவர் தினமும் படிக்க வேண்டும். நாங்கள் பின்னர் வைத்துக்கொண்ட ஏற்பாடு இது: அப்படிப்பட்ட டெஸ்ட்டை அன்றே பிரதான ஓட்டத்திலிருந்து பிரித்து, ஒருவரிடம் ஒப்படைப்போம். அந்த ஸ்பிரிண்ட்டுக்குள் (குழு வேலையைப் பிரித்துக்கொள்ளும் சில வாரக் காலம்) காரணம் தெரியாவிட்டால் அழித்துவிடுவோம். யாரும் நம்பாத டெஸ்ட்டை வைத்திருந்து என்ன பயன்?

அடுத்தது நேரம். கோட் தானே நேராகக் கடிகாரத்தைக் கேட்கும்படி எழுதினால் டெஸ்ட் எழுதுபவர் கை கட்டப்பட்டுவிடும். கடிகாரத்தை வெளியிலிருந்து கொடுக்கும்படி எழுதுங்கள். அப்புறம் காலை 7.59, 8.00, டிசம்பர் 31 இரவு 11.59 என்று எந்த நொடியில் வேண்டுமானாலும் நிறுத்தி வைத்துச் சோதிக்கலாம். இங்கே இன்னொரு குழியும் உண்டு. சிங்கப்பூர் நேரம் யூடிசியைவிட 8 மணி நேரம் முன்னால் என்று ஆனது 1982 ஜனவரி 1இல்தான். அதற்கு முன் ஏழரை மணி நேரம். 1975இல் பிறந்தவரின் பிறந்த தேதியை ஒரு ப்ரோகிராம் '8 மணி நேர வித்தியாசம்' என்று வைத்து நள்ளிரவாகச் சேமித்து, இன்னொன்று பழைய நேர வலயத்தைச் சரியாகக் கணக்கிட்டு வாசித்தால், முதல் நாள் இரவு 11.30 என்று வரும். பிறந்தநாளே ஒரு நாள் முன்னே போய்விடும். டெஸ்ட் தரவில் 1982க்கு முன் பிறந்த ஒருவரையாவது வையுங்கள்.

தரவு என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது நம் பெயர்கள்தான். டெஸ்ட் தரவைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் இரண்டு சொல்லில் அடங்கும் பெயர்களாகவே இருக்கும். இந்த ஊர்த் தமிழர் பலரின் அடையாள அட்டையில் பெயருக்கு நடுவே 'எஸ்/ஓ' (இன்னாரின் மகன்) அல்லது 'டி/ஓ' (இன்னாரின் மகள்) இருக்கிறது. அந்தச் சாய்கோடு சாதாரணமானதல்ல. இணைய முகவரிக்குள் அப்படியே போனால் பாதையை இரண்டாகப் பிரிக்கும். கோப்புப் பெயரில் வந்தால் கோப்பே உருவாகாது. பெயரை வைத்து பிடிஎஃப் உருவாக்கும் இடத்தில் இந்த ஒரு எழுத்தால் ஒருவருடைய கணக்கு அறிக்கை வராமல் போகலாம். தமிழில் உள்ளீடு வாங்கும் இடம் என்றால் நீளத்தையும் பாருங்கள். 'சிங்கப்பூர்' என்பதில் நாம் எண்ணுவது 6 எழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோட் கணக்கில் அது 11 குறியீடு, அதைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 33 பைட். 30 பைட் மட்டும் கொள்ளும் இடத்தில் ஊர்ப் பெயரே முழுதாக நிற்காது.

அடையாள எண்ணும் அப்படித்தான். எஸ் என்று தொடங்கும் எண்ணை மட்டும் வைத்துச் சோதிப்பவர்கள் 2000இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களின் டி வரிசையை மறந்துவிடுகிறார்கள். வெளிநாட்டவருக்கு எஃப், ஜி வரிசைகளோடு 2022இலிருந்து எம் வரிசையும் வந்திருக்கிறது. இதற்காக உண்மையான வாடிக்கையாளர் தரவை நகலெடுத்து டெஸ்ட் சூழலில் போட்டுவிடாதீர்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் டெஸ்ட் சர்வர் என்பதற்காக விலகி நிற்காது. அதைவிட முக்கியம், தங்கள் விவரம் அங்கே கிடப்பது அந்த மனிதர்களுக்குத் தெரியவே தெரியாது.

வரி விகிதமும் மாறும். சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 2023 ஜனவரி 1இல் 7இலிருந்து 8 சதவீதமானது, 2024 ஜனவரி 1இல் 9 ஆனது. டெஸ்ட்டுக்குள் 1.07 என்று நூறு இடத்தில் எழுதி வைத்திருந்தால் இரண்டு புத்தாண்டும் பாழ். ஆனால் அதற்குப் பயந்து, எதிர்பார்க்கும் தொகையையும் ப்ரோகிராமில் கணக்குப் போடும் அதே ஃபங்ஷனைக் (கோடின் ஒரு பகுதி) கொண்டே கணக்கிடுவது அதைவிடப் பெரிய தவறு. ஃபங்ஷன் தப்பாக இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தப்பாகி, பச்சை விளக்கு எரியும். கையால் போட்ட விடையை எழுதுங்கள்: 100 வெள்ளிப் பொருளை 2023 டிசம்பர் 31இல் விற்றுப் பணமும் வாங்கினால் 109 அல்ல, 108. மறுநாள் விற்றால் 109.

காத்திருக்கும் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். '3 விநாடி தூங்கு' என்று 400 இடத்தில் எழுதினால், எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளிலும் 20 நிமிடம் வீண். சர்வர் 4 விநாடி எடுக்கும் நாளில் ஃபெயில் வேறு. பட்டன் தெரியும் வரை, பதில் வரும் வரை என்று நிபந்தனை வைத்துக் காத்திருக்கச் சொல்லுங்கள். பிரவுசரை இயக்கிச் சோதிக்கும் செலீனியம் கருவியில் இம்ப்ளிசிட் வெயிட் (எல்லாத் தேடலுக்கும் பொதுவாக வைக்கும் காத்திருப்பு), எக்ஸ்ப்ளிசிட் வெயிட் (ஒரு நிபந்தனைக்கென்று வைக்கும் காத்திருப்பு) இரண்டையும் கலக்க வேண்டாம். 10 விநாடியும் 15 விநாடியும் வைத்தால் 20 விநாடி கழித்து டைம்அவுட் ஆகலாம் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது.

திரை வழியாகவே எல்லாவற்றையும் சோதிப்பதும் இந்த வகைதான். தள்ளுபடிக் கணக்கில் 40 சேர்க்கை இருந்தால், 40 முறை லாகின் செய்து பார்க்க வேண்டியதில்லை. கணக்கை யூனிட் டெஸ்ட்டில் (திரை இல்லாமல் கோடின் ஒரு சிறு பகுதியை மட்டும் சோதிப்பது) பாருங்கள், திரையில் ஒன்றிரண்டு போதும். நான்கு மொழிகளில் ஓடும் திரை என்றால் பட்டனை அதன் எழுத்தை வைத்துத் தேடினால் மொழி மாறியதும் டெஸ்ட் விழும். டெவலப்பரிடம் சொல்லி ஒரு நிலையான அடையாளம் போடச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. டெஸ்டரும் டெவலப்பரும் பக்கத்தில் உட்கார்ந்து பேசும் குழுக்களில் இது கேட்காமலேயே நடந்துவிடும்.

கடைசியாக, கவரேஜ், அதாவது கோடில் எத்தனை சதவீதத்தை டெஸ்ட் ஓட்டியது என்ற கணக்கு. 90 சதவீதம் என்று அறிக்கையில் வந்தால் மேலாளருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்த எண் சொல்வது எந்த வரிகள் ஓடின என்பதை மட்டுமே. ஓடியபின் விடையைச் சரிபார்த்தோமா என்பது அதில் தெரியாது. விடையைச் சரிபார்க்கும் 'அசெர்ட்' வரியே இல்லாத டெஸ்ட்டும் அந்த எண்ணை ஏற்றும். இதைக் கண்டுபிடிக்க ஜாவாவுக்கு பிட், ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு ஸ்ட்ரைக்கர் என்று கருவிகள் உண்டு. அவை கோடில் வேண்டுமென்றே சின்னச் சின்னத் தவறுகளைப் புகுத்தி, டெஸ்ட் பிடிக்கிறதா என்று பார்க்கும். அவற்றை நிறுவ நேரமில்லை என்றால் கையாலேயே செய்யலாம். உங்களிடம் இருப்பதில் மிக முக்கியமான டெஸ்ட்டை எடுத்து, அது காவல் காக்கும் இடத்தில் ஒரு கூட்டலைக் கழித்தலாக மாற்றி ஓட்டுங்கள். அப்போதும் பச்சையே வந்தால், கூட்டலைத் திரும்பப் போட்டுவிட்டு அந்த டெஸ்ட்டை முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.