பிக்கப் டிரக்கில் இக்னிஷன் மாடியூலை மாற்றும் முறை

நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய பிக்கப் டிரக், எஞ்சின் முழுச் சூட்டை எட்டிய பிறகு எந்த அறிகுறியும் காட்டாமல் அணைந்துபோய், எத்தனை முறை செல்ஃப் அடித்தாலும் கிளம்ப மறுத்து, பானட்டைத் திறந்து வைத்து அரை மணி நேரம் ஆறவிட்டதும் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பினால், முதலில் ஐயப்பட வேண்டிய பாகங்களுள் ஒன்று இக்னிஷன் கண்ட்ரோல் மாடியூல். உள்ளங்கையில் அடங்கும் இந்தப் பெட்டியை மாற்றுவது அரிய வேலை அன்று. ஆனால் பழுது அதில்தான் இருக்கிறது என்று உறுதி செய்யாமல் மாற்றுவதாலும், பொருத்தும்போது அதன் அடித்தகட்டைக் கவனிக்காமல் விடுவதாலும், புதிய மாடியூல் வாங்கியும் அதே தொல்லையில் மீண்டும் சிக்குபவர்கள் பலர்.

மாடியூல் என்பது ஒரு மின்னணு ஸ்விட்ச். முன்பு காண்டாக்ட் பாயிண்ட் என்ற இயந்திர ஸ்விட்ச் செய்த வேலையை, அதாவது மின்னழுத்தத்தை உயர்த்தும் காயிலின் முதன்மைச் சுற்றில் ஓடும் மின்னோட்டத்தைச் சரியான கணத்தில் துண்டிக்கும் வேலையை, அதற்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் செய்கிறது. அப்படித் துண்டிக்கப்படும் ஒவ்வொரு முறையும் காயிலின் இரண்டாம் சுற்றில் பல்லாயிரம் வோல்ட் எழுந்து ஸ்பார்க் பிளக்கில் தீப்பொறியாகிறது. இந்த ஓயாத வேலையில் டிரான்சிஸ்டர் சூடாகிறது. அந்தச் சூடு வெளியேறுவதற்கு மாடியூலின் உலோக அடித்தகட்டைத் தவிர வேறு வழி இல்லை. எஞ்சினின் வெப்பமும் அதே இடத்தில் சேர்வதால், ஆண்டுக்கணக்கில் சூடேறி ஆறி உள்ளிணைப்புகள் தளர்ந்து, சூட்டில் பிரிந்தும் ஆறியதும் ஒட்டியும் விளையாட்டுக் காட்டத் தொடங்குகின்றன.

இங்கே விளக்கப்படும் முறை 1980களின் நடுவிலிருந்து 1990களின் தொடக்கம் வரை வந்த ஃபோர்டு எஃப் வரிசை பிக்கப்புகளை அடிப்படையாகக் கொண்டது. அவற்றில் டி.எஃப்.ஐ. எனப்படும் மாடியூல், காயிலின் மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் திருகப்பட்டிருக்கும். பின்னர் வந்த வண்டிகளில் அதை எஞ்சின் சூட்டிலிருந்து விலக்கி, ஃபெண்டர் பக்கத்தில் ஒரு வெப்பத்தகட்டின்மேல் வைத்தார்கள். அவற்றில் வேலை இன்னும் எளிது. செவ்ரோலெட், ஜி.எம்.சி. வண்டிகளின் வேறுபாடுகளைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

சோதனையை வண்டி அணைந்துபோன நிலையிலேயே செய்ய வேண்டும்; ஆறிய மாடியூல் எல்லாச் சோதனையிலும் தேறிவிடும். ஒரு பிளக் ஒயரைக் கழற்றி, ஸ்பார்க் டெஸ்டரை மாட்டி, அதன் கிளிப்பை எஞ்சின் உலோகத்தில் நன்றாகக் கவ்வவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். ஒயரை எதனுடனும் இணைக்காமல் அந்தரத்தில் விட்டுச் செல்ஃப் அடிப்பது நல்ல மாடியூலையும் காயிலையும்கூடக் கெடுத்துவிடும். தீப்பொறி இல்லை என்றால் காயிலின் நேர்முனையில் பேட்டரி மின்னழுத்தம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், டெஸ்ட் லேம்ப்பின் ஒரு முனையைப் பேட்டரியின் நேர்முனையிலும் மறுமுனையைக் காயிலின் எதிர்முனையிலும் வைத்துச் செல்ஃப் அடிக்கும்போது விளக்கு மினுக்க வேண்டும். மினுக்கினால் மாடியூல் தன் வேலையைச் செய்கிறது. குறை காயிலிலோ, அதற்கு அப்பாலுள்ள, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ஒயர்களிலோ இருக்கலாம். இவ்வகைக் காயிலின் முதன்மைச் சுற்று 0.3 முதல் 1.0 ஓம் வரையிலும், இரண்டாம் சுற்று 6,500 முதல் 11,500 ஓம் வரையிலும் காட்ட வேண்டும்.

விளக்கு மினுக்கவில்லை என்றாலும் அவசரப்பட வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பி.ஐ.பி. எனப்படும் ஹால் சென்சார் ஒன்று இருக்கிறது. எப்போது துண்டிக்க வேண்டும் என்ற செய்தி அங்கிருந்துதான் புறப்படுகிறது. அதுவும் சூட்டில் செத்து ஆறியதும் உயிர்பெறும் இயல்புடையது. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் உள்ள ஃபோர்டு வண்டிகளில் இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. இன்ஜெக்டர்களை இயக்கும் கணினியும் அதே பி.ஐ.பி. செய்தியைத்தான் நம்பியிருக்கிறது. எனவே தீப்பொறி இல்லாதபோதும் இன்ஜெக்டர் கனெக்டரில் செருகிய சோதனை விளக்கு துடித்தால், சென்சார் நலம், மாடியூல்தான் குற்றவாளி என்று பெரும்பாலும் முடிவு கட்டலாம். இரண்டும் இல்லை என்றால் சென்சார்மீது ஐயம் கூடுகிறது.

மாடியூல் வாங்கும்போது நிறத்தைக் கட்டாயம் பாருங்கள். ஃபோர்டு மாடியூல்கள் சாம்பல், கறுப்பு என இரு நிறங்களில் உள்ளன. உருவமும் ஆறு பின் கனெக்டரும் ஒன்றுபோலவே இருந்தாலும் உள்வேலை வேறு: சாம்பல் நிறத்தில் காயில் மின்னேற்றம் பெறும் நேரத்தை மாடியூலே தீர்மானிக்கிறது, கறுப்பில் அதை எஞ்சின் கணினி தீர்மானிக்கிறது. எது கழற்றப்பட்டதோ அதே நிறத்தையே மாட்ட வேண்டும். விலை மிகக் குறைந்த மாடியூலை வாங்குவதை நான் ஊக்குவிப்பதில்லை. சூட்டோடு போராடுவதற்காகவே இருக்கும் பாகத்தில் தரம்தான் முதல் தகுதி.

கருவிகளில் ஒன்று மட்டும் சற்று அரிது. மாடியூலின் இரண்டு திருகுகளும் 5.5 மி.மீ., அதாவது 7/32 அங்குலத் தலை கொண்டவை. குறுகிய குழிக்குள் அமர்ந்திருப்பதால் சாதாரண சாக்கெட்டின் தடித்த சுவர் உள்ளே நுழையாது. இதற்கென்றே மெல்லிய சுவருள்ள நீள சாக்கெட் கிடைக்கிறது. அதை வாங்கிவிடுங்கள், இடுக்கியால் முயன்று தலையை உருட்டிவிட்டால் பிறகு டிஸ்ட்ரிபியூட்டரையே கழற்ற வேண்டி வரும்.

எஞ்சின் ஆறிய பின் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை ஒயர்களோடு சேர்த்தே விடுவித்து ஓரமாக வையுங்கள். ஒயர்களைத் தனித்தனியாகப் பிடுங்கினால் வரிசை மாறிவிடும் அபாயம் உண்டு. மாடியூலின் கனெக்டரில் உள்ள பூட்டை அழுத்திக்கொண்டு, ஒயரைப் பிடிக்காமல் கனெக்டரின் உடலைப் பிடித்து இழுங்கள். சில எஞ்சின்களில் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினாலோ வெளியே எடுத்தாலோதான் திருகுகளுக்குக் கை எட்டும். அந்நிலையில் ரோட்டர் நோக்கும் திசையையும், டிஸ்ட்ரிபியூட்டர் உடல் எஞ்சினில் அமர்ந்திருக்கும் நிலையையும் பெயிண்டால் குறித்துக்கொண்ட பிறகே அதைப் பிடித்திருக்கும் கவ்வியைத் தளர்த்த வேண்டும். அது வெளியே இருக்கும்வரை எஞ்சினைச் சுற்றவே கூடாது.

இரு திருகுகளையும் எடுத்ததும் மாடியூலை நேராக வெளிப்பக்கம் தூக்கத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். மாடியூலுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் இடையே மூன்று பின்கள் மேல்கீழாகச் செருகப்பட்டிருக்கின்றன. மாடியூலை முதலில் கீழ்நோக்கி, டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினில் அமரும் விளிம்பை நோக்கித் தள்ளி, பின்கள் முழுவதும் விடுபட்ட பிறகுதான் வெளியே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்கள் முறிந்து, சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும்.

இப்போது வேலையின் உயிர்நாடியான இடத்துக்கு வருகிறோம். டிஸ்ட்ரிபியூட்டரில் மாடியூல் அமரும் பரப்பில் காய்ந்து கிடக்கும் பழைய பசையை ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். பல மாடியூல்கள் அகாலத்தில் சாகக் காரணம், இந்தப் பசை காய்ந்து தூளானதோ, முன்பு மாற்றியவர் அதைப் பூசவே மறந்ததோதான். புதிய மாடியூலின் உலோக அடித்தகடு முழுவதும் வெப்பம் கடத்தும் சிலிக்கோன் பசையைச் சீராகப் பூசுங்கள். ஃபோர்டின் செய்முறை சுமார் 1/32 அங்குலம், அதாவது 0.8 மி.மீ. கனம் சொல்கிறது. மாடியூலுடன் ஒரு சிறு பொட்டலம் பசை வந்தால் அது இதற்காகத்தான். தனியாக வாங்குவதானால் வெப்பம் கடத்தும் வகையையே தேர்ந்தெடுங்கள். கனெக்டர்களுக்குப் பூசும் மின்காப்புக் கிரீஸ் ஈரத்தைத் தடுக்கும், ஆனால் சூட்டைக் கடத்துவதில் வெப்பம் கடத்தும் பசைக்குப் பின்தங்கியது.

பொருத்துவது கழற்றியதன் தலைகீழ். மாடியூலை விளிம்பின் பக்கம் வைத்து, மூன்று பின்களும் தத்தம் துளைகளுக்கு நேராக இருப்பதைப் பார்த்து, மேல்நோக்கி முழுவதும் செருகுங்கள். திருகுகளைக் கையால் தொடங்கி, இரண்டையும் மாறி மாறி இறுக்குங்கள். அளவு 1.7 முதல் 4 நியூட்டன் மீட்டர் மட்டுமே. விரல்களால் பிடித்த சிறு கைப்பிடியே போதும். அலுமினியத்தில் வெட்டிய மரை முரட்டுத்தனத்தைத் தாங்காது. ரோட்டரும் மூடியும் தேய்ந்தோ பச்சை பிடித்தோ இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டரை அசைக்கவில்லை என்றால் டைமிங், அதாவது தீப்பொறி எழும் கணம், மாறாது. அசைத்திருந்தால், எஞ்சின் சூடான பின் அதை நிறுத்தி, ஒயர் கட்டின் நடுவே இருக்கும் ஸ்பௌட் எனப்படும் சிறு செருகியைப் பிடுங்கிவிட்டு மீண்டும் கிளப்பி, டைமிங் லைட்டால் பாருங்கள். இவ்வண்டிகள் பலவற்றில் அளவு பிஸ்டன் உச்சத்தை எட்டுவதற்கு 10 பாகை முன்பு. ஆயினும் பானட்டுக்கு அடியிலுள்ள ஸ்டிக்கர் சொல்வதே இறுதி. கவ்வியை இறுக்கிய பின் செருகியைத் திரும்ப மாட்ட மறக்க வேண்டாம். மறந்தால் கணினியால் டைமிங்கை நகர்த்த முடியாமல் வண்டி இழுவையின்றித் தவிக்கும்.

ஜெனரல் மோட்டார்ஸின் எச்.இ.ஐ. வகையில் மாடியூல் டிஸ்ட்ரிபியூட்டருக்கு உள்ளே, ரோட்டருக்கு அடியில் இரண்டு திருகுகளில் இருக்கும். நான்கு பின், ஏழு பின், எட்டு பின் என்ற வகைகளில் பழையதை வைத்து ஒப்பிட்டே வாங்க வேண்டும். இங்கே சோதனையின் தர்க்கம் மாறுகிறது: கணினி கட்டுப்படுத்தும் இன்ஜெக்டர் உள்ள வண்டிகளில், எஞ்சின் சுற்றுகிறது என்ற செய்தி மாடியூல் வழியாகவே கணினிக்குப் போகிறது. ஆகவே மாடியூல் செத்தால் தீப்பொறியோடு பெட்ரோலும் நின்றுவிடும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்து சுழற்சியை உணரும் பிக்கப் காயில் 500 முதல் 1,500 ஓம் வரை காட்ட வேண்டும். உடல் உலோகத்தோடு எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. அதன் மெல்லிய ஒயர்கள் அசைக்கும்போது மட்டும் அறுவதுண்டு என்பதால், மீட்டரை வைத்தபடியே ஒயரை மெதுவாக ஆட்டிப் பாருங்கள். அடியில் பூச வேண்டிய பசை இங்கும் அதே அளவு முக்கியம்.

எல்லாம் முடிந்ததும் வண்டியை முன்பு எந்தச் சூட்டில் நின்றதோ அந்தச் சூடு வரும்வரை ஓட்டிப் பாருங்கள். ஐந்து நிமிட ஓட்டம் எதையும் நிரூபிக்காது. ஃபோர்டில் புதிய மாடியூலோடும் அதே சூட்டில் அதேபோல அணைந்தால், இன்னொரு மாடியூல் வாங்காமல் பி.ஐ.பி. சென்சாரை நோக்கிச் செல்லுங்கள். அதை மாற்ற டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுத்து, தண்டின் கியரைப் பிடுங்கிப் பிரிக்க வேண்டும். பிரஸ் வசதி இல்லாதவர்கள் முழு டிஸ்ட்ரிபியூட்டரையே புதிதாகப் போட்டு, இப்போது வாங்கிய மாடியூலை அதில் மாட்டிக்கொள்வது நல்லது.