வீட்டுக் கணினி மேசை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டிலிருந்து வேலை என்றதும் பலரும் முதலில் மேசை தேடப் போகிறார்கள். அதற்கு முன் அளக்க வேண்டியது முழங்கை. நாற்காலியில் உட்கார்ந்து, தோளைத் தளர்த்தி, கையை மடக்குங்கள். முழங்கை நிற்கும் உயரத்திலோ சற்றுக் கீழேயோ கீபோர்டு இருக்க வேண்டும். கடை மேசையும் சாப்பாட்டு மேசையும் பெரும்பாலும் 75 செ.மீ. உயரம். ஆறடி ஆளுக்கு அது சரி. ஐந்தடி சொச்சம் உள்ளவருக்கு 60 முதல் 65 செ.மீ. போதும். மிச்சத்தை ஈடுகட்ட நாள் முழுக்கத் தோளைத் தூக்கியே வைத்திருக்கிறோம். சாயங்காலம் கழுத்து வலி வருவதில் ஆச்சரியமில்லை.

இதற்காக மேசையின் காலை அறுக்க வேண்டாம், நாற்காலியை உயர்த்தினால் போதும். பிளாஸ்டிக் நாற்காலி என்றால் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம், கெட்டியான மெத்தை போடலாம். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். உயர்ந்த நாற்காலியில் பாதம் தரையில் படாமல் தொங்கும், இருக்கையின் விளிம்பு தொடையை அழுத்தும், கால் மரத்துப்போகும். அதனால் காலடியில் ஒரு மணைப்பலகை கட்டாயம் வேண்டும். பழைய நோட்டுகளை இறுக்கிக் கட்டி வைத்தாலும் சரி.

அடுத்த சிக்கல் லேப்டாப். திரையும் கீபோர்டும் ஒட்டியே இருப்பதால் ஒன்று சரியாக அமைந்தால் மற்றது கெடும். கைக்கு வசதியாக வைத்தால் தலை குனியும், கண்ணுக்கு வசதியாக உயர்த்தினால் கையைத் தூக்க வேண்டிவரும். தனி கீபோர்டும் மவுஸும் வாங்கி, லேப்டாப்பை நாலு தடிமனான புத்தகங்கள் மேல் ஏற்றிவிடுங்கள். விலையுயர்ந்த நாற்காலியைவிட இந்தச் சின்னச் செலவுக்குத்தான் பலன் அதிகம் என்பேன். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில், ஒரு கை நீளம் தள்ளி இருக்கட்டும். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து ஒரே கண்ணாடியாக வரும் பைஃபோகல் அல்லது புரோகிரஸிவ் கண்ணாடி போடுபவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. கண்ணாடியின் அடிப்பகுதி வழியாகப் படிக்க அவர்கள் மோவாயைத் தூக்குவார்கள், அதனால் திரையைக் கொஞ்சம் இறக்கி வைக்க வேண்டும்.

‘கம்ப்யூட்டர் டேபிள்’ என்று விற்கும் பழைய மாடலை வாங்குவதானால் எச்சரிக்கையாக இருங்கள். அதில் இழுத்துத் தள்ளும் கீபோர்டு தட்டு பெரும்பாலும் தொடையில் இடிக்கும், மவுஸுக்கும் இடம் பத்தாது. மவுஸ் மட்டும் மேல் பலகைக்குப் போனால் வலது கை நாள் பூரா நீண்டே இருக்கும். சிபியுவையும் யுபிஎஸ்ஸையும் மேசைக்கடியில் நடுவே வைப்பதும் தப்பு, காலை நீட்ட வழியிருக்காது. அப்புறம், கீபோர்டின் பின்பக்கக் குட்டிக் கால்களை மடக்கியே வையுங்கள். நிமிர்த்தினால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும்.

மேசையை எங்கே போடுவது? நம் வீடுகளில் பிளக் பாயின்ட் இருக்கும் இடம்தான் அதைத் தீர்மானிக்கிறது. அதனால் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார நேர்ந்து, வெளிச்சம் அப்படியே திரையில் அடிக்கிறது. ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாலோ கண் கூசும். ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி மேசையைத் திருப்பிப் போடுங்கள். வயர் எட்டாவிட்டால் நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று வாங்கி, வயரைச் சுவரோரமாகக் கொண்டுபோங்கள். நடக்கும் வழியில் குறுக்கே போட்டால் யாராவது தடுக்கி விழுவார்கள், லேப்டாப்பும் சேர்ந்தே விழும்.