செட்டிநாட்டு வீட்டில் டிஜிட்டல் பியானோ: வைக்கிற இடமும் வருகிற கோளாறும்

காற்றும் வெளிச்சமும் அங்கேதான் என்பதால் பியானோவை முற்றத்தை ஒட்டி வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். ஐப்பசிச் சாரல் தூணைத் தாண்டி வரும். பல கருவிகளின் கையேட்டில் 40 டிகிரி செல்சியஸ்தான் உச்சவரம்பு. சித்திரை வெயில் நேரே விழுந்தால் கறுப்புப் பெட்டி அதற்கு மேலும் சூடாகிவிடும். முற்றத்தைச் சுற்றிய வளவின் உள்சுவர் ஓரமே சரியான இடம். சுவரிலிருந்து 10 முதல் 15 செ.மீ. தள்ளி வையுங்கள், ஒட்டி வைத்தால் தாழ்ந்த சுரங்களின் ஒலி குமுறும். வழுவழுப்பான பூச்சுச் சுவரும் உயரமான கூரையும் தாமாகவே எதிரொலிக்கும். அதனால் கருவியில் இருக்கும் ரிவெர்பை, அதாவது செயற்கை எதிரொலியை, அணைத்துவிடுங்கள். பழகும் பிள்ளைக்குத் தன் விரல் தவறுவது அப்போதுதான் காதில் விழும்.

88 கீ உள்ள சிறிய மாடலே 11, 12 கிலோ இருக்கும். ஒற்றை எக்ஸ் ஸ்டாண்டு அதைத் தாங்கும், ஆனால் அழுத்தி வாசித்தால் ஆடும். இரட்டைக் கம்பி எக்ஸ் அல்லது இசட் வடிவ ஸ்டாண்டு வாங்குங்கள். வெள்ளைக் கீயின் மேற்பரப்பு தரையிலிருந்து சுமார் 72 செ.மீ. இருக்கட்டும். தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்த ஆத்தங்குடிக் கல்லில் ஸ்டாண்டும் நகரும், ஒலியை நீட்டும் சஸ்டெயின் பெடலும் காலுக்கு எட்டாமல் ஓடும். ஸ்டாண்டையும் பெடலையும் ஒரே ரப்பர் விரிப்பின் மேல் வையுங்கள். மூடி வைக்கப் பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஈரத்தை உள்ளேயே பிடித்துக்கொள்ளும். பழைய கண்டாங்கிச் சேலையை இரண்டாக மடித்துப் போட்டால் போதும்: தூசி தங்காது, காற்றும் போகும்.

அடாப்டரில் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் மாலை நேரத்துக் குறைந்த மின்னழுத்தத்துக்குப் பயப்பட வேண்டாம், ஸ்டெபிலைசரும் தேவையில்லை. மாற்று அடாப்டர் வாங்கும்போது வோல்ட்டும் பிளஸ்-மைனஸ் குறியும் பழையதோடு அச்சாக ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் கூடலாம், குறையக் கூடாது. வாசிக்கும்போது கருவி அணைந்து அணைந்து எரிகிறதா? முதலில் பழைய பிளக் பாயின்ட்டின் தளர்ந்த பித்தளையைச் சந்தேகப்படுங்கள். வாசிக்காமல் அரை மணி விட்டதும் அணைந்தால் அது கோளாறே அல்ல, தானே அணையும் வசதி. யமஹா பி-45 மாடலில் இடது ஓரக் கடைசிக் கீயை அழுத்திக்கொண்டே பவர் போட்டால் அந்த வசதி நின்றுவிடும்.

சத்தமே வரவில்லையென்றால் ஹெட்போன் துளையைப் பாருங்கள். ஹெட்போனைக் கழற்றியும் அதன் மாற்றுப் பிளக் மட்டும் உள்ளேயே மாட்டியிருக்கும், ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். பெடலை மிதித்தால் ஒலி அறுந்து, விட்டால் நீள்கிறதா? பவர் போடும்போது கால் பெடலில் இருந்திருக்கிறது. அணைத்து, காலை எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். தம்புராவோடு சுருதி சேரவில்லையென்றால் டிரான்ஸ்போஸ் (சுருதியை ஏற்றி இறக்கும் வசதி) பூஜ்யத்திலும் டியூனிங் 440 ஹெர்ட்ஸிலும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கட்டை என்பது சி, நாலு கட்டை என்பது எஃப். டிரான்ஸ்போஸை 5 ஏற்றினால் சி-யில் வாசித்தபடியே நாலு கட்டைக்குப் பாடலாம். லேப்டாப்பை இணைத்ததும் ரீங்காரம் கேட்டால் அதன் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் காரணம் எர்த். இரண்டையும் எர்த் உள்ள ஒரே பலகையில் செருகுங்கள்.

எல்லாக் கீயும் சரியாக இருக்க, ஒன்று மட்டும் அலறுகிறது, அல்லது ஊமையாகிறது என்றால் அது தூசியின் வேலை. ஒவ்வொரு கீக்கும் அடியில் ஒரு ரப்பர் குமிழ், அதற்குள் இரண்டு அல்லது மூன்று கரிப் பொட்டுகள். அவை ஒன்றன்பின் ஒன்றாக அடியிலுள்ள மின்சுற்றுப் பலகையைத் தொடும். அந்த இடைவெளி நேரத்தை வைத்துத்தான் நீங்கள் மெதுவாக அழுத்தினீர்களா வேகமாகவா என்று கருவி கணிக்கிறது. ஒரு பொட்டில் அழுக்கு ஒட்டினால் கணக்கு தப்பிவிடும்.

வாரன்டி இருந்தால் திறக்காமல் சர்வீஸுக்குக் கொடுங்கள். இல்லையென்றால் மின்சாரத்தைத் துண்டித்து, மடித்த ஜமுக்காளத்தின் மேல் கருவியைக் கவிழ்த்து, திருகாணிகளைக் கழற்றுங்கள். அவை ஒரே நீளத்தில் இருக்காது; ஓர் அட்டையில் படம் வரைந்து கழற்றிய இடத்திலேயே குத்தி வையுங்கள். தட்டை வயரைப் பிடுங்குமுன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குமிழ்கள் உள்ள ரப்பர் பட்டையைக் கழற்றியதும், நூல் உதிராத துணியில் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நனைத்துப் பொட்டுகளையும் பலகையின் கறுப்புத் தடங்களையும் ஒற்றித் துடையுங்கள். சுரண்டினால் கரி போய்விடும், பிறகு பட்டையையே மாற்ற வேண்டியதுதான். எண்ணெய்க் கையால் தொடாதீர்கள், துருநீக்கி ஸ்பிரே பக்கமே போகாதீர்கள். பத்து நிமிடம் உலர விட்டுப் பட்டையைத் திரும்ப மாட்டுங்கள். அதன் சிறு காம்புகள் ஒவ்வொன்றும் பலகைத் துளைக்குள் முழுதாக இறங்க வேண்டும். ஒன்று மேலே நின்றாலும் பக்கத்துக் கீயும் சேர்ந்து கெடும். நாலு திருகாணி மட்டும் போட்டு நிமிர்த்தி, ஒவ்வொரு கீயையும் மெதுவாக ஒருமுறை, ஓங்கி ஒருமுறை அழுத்திப் பார்த்த பிறகே மீதியை முடுக்குங்கள்.