சேவலா பெட்டையா: ஜோடி சேர்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை கொளத்தூரிலிருந்து ஒரு தம்பி செருப்புப் பெட்டியோடு வந்தார். உள்ளே பொரித்து ஒரு நாளான பன்னிரண்டு கறுப்புக் குஞ்சுகள். பன்னிரண்டின் உச்சந்தலையிலும் வெள்ளைப் புள்ளி. "அண்ணா, எல்லாமே சேவலா?" என்றார். நானும் ஒரு காலத்தில் இதே மாதிரி விழித்தவன்தான்.

பல்பு சூடு, தண்ணீர்த் தட்டு பற்றி எல்லாரும் சொல்வார்கள். நான் ஜோடியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: பொரித்த குஞ்சின் தலைப் புள்ளியை வைத்தே ஆண் பெண் பிரிக்க, எந்தச் சேவலை எந்தப் பெட்டையோடு விடுவது என்று.

இறகு வரி சேவலிடம் இருப்பது

கோழியில் குஞ்சு ஆணா பெண்ணா என்பது தாயால் முடிவாகிறது. சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம் (மரபணுக்களைத் தாங்கும் இழை). பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. இறகில் வரி போடும் மரபணு இசட்டில் இருக்கிறது. கறுப்புக் குஞ்சில் அது தலையில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். பெட்டை தன்னிடமுள்ள ஒரே இசட்டை ஆண் குஞ்சுக்குத்தான் கொடுக்கும். அதனால் வரியுள்ள பிளைமவுத் ராக் இனப் பெட்டையோடு வரியில்லாத சிவப்பு இனமான ரோட் ஐலண்ட் ரெட் சேவலை விட்டால், தலையில் புள்ளி உள்ளது ஆண், புள்ளி இல்லாதது பெண். திருப்பி விட்டால், வரிச்சேவல் எல்லாக் குஞ்சுக்கும் வரியைக் கொடுத்துவிடும். பெட்டி முழுக்கப் புள்ளிதான்.

அழகாக இருக்கிறதே என்று வரிச்சேவல் வாங்கியவன் நான். 40 முட்டை, 21 நாள் காத்திருப்பு. அப்புறம் கொண்டை சிவந்து அடையாளம் தெரிய இரண்டு மாதம் எல்லாவற்றுக்கும் தீவனம் போட்டேன். பாதிக்குப் பாதி சேவல். மொட்டை மாடியில் விடியற்காலை நான்கு மணிக்கு அவை கூவ ஆரம்பித்ததும் கீழ்வீட்டில் சண்டை. வந்த விலைக்கு எல்லாவற்றையும் தள்ளிவிட்டேன். "அதே ரெண்டு இனம்தானே, எது எந்தப் பக்கம் இருந்தா என்ன?" என்று இன்றும் யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பக்கம்தான் இதில் எல்லாமே.

பிறந்த குஞ்சுகளையே தங்களுக்குள் சேர்ப்பது

இந்தப் புள்ளி அடையாளம் ஒரு தலைமுறைக்குத்தான் செல்லும். அடுத்ததில் புள்ளி இரு பாலிலும் விழும்.

வெள்ளைச் சேவல்

வேண்டாம். வெள்ளைக்கு அடியில் வரி ஒளிந்திருக்கலாம்.

சேவலை மாற்றிய உடனே முட்டை சேர்ப்பது

பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு வாரத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். நான்கு வாரம் வரை வரும் முட்டைகளை ஆம்லெட் போட்டுவிடுங்கள்.

ஈரக் குஞ்சில் புள்ளி தேடுவது

காயட்டும். ஆனால் அன்றைக்கே பாருங்கள்.

தம்பியின் பன்னிரண்டும் வீண் இல்லை. அவரும் வரிச்சேவலைத்தான் விட்டிருக்கிறார். அது சுத்த இனம் என்பதால் அதில் உள்ள பெட்டைகள் எல்லாமே வரிக்கோழிகள். அவை வளர்ந்ததும் கறுப்பு ஆஸ்ட்ரலார்ப் சேவலோடு விடச் சொல்லியிருக்கிறேன். ரெட் சேவல் விட்டால் பாதிக் குஞ்சு செம்பட்டையாகப் பிறக்கும், அதில் புள்ளி சரியாகத் தெரியாது. கறுப்புச் சேவல் என்றால் குஞ்சுகள் கறுப்பு. ஆணின் தலையில் மட்டும் புள்ளி.