பவளமல்லி: நடுவது முதல் சாயம் எடுப்பது வரை

பவளமல்லிக்கு இடம் பார்க்கும்போது முதலில் தரையைப் பாருங்கள். இதன் பூ கிளையில் தங்காது. அந்தி சாய்ந்தபின் விரியும், விடியலில் உதிரும். பச்சைப் புல்லி மட்டும் கிளையிலேயே நிற்கும். வெள்ளை இதழ்களும் பவள நிறக் குழலும் சேர்ந்து கழன்று விழும். சேறும் சகதியுமான இடத்தில் நட்டால் அத்தனை பூவும் வீண்தான். கூட்டிச் சுத்தமாக வைக்கக்கூடிய மண்தரை, புல்தரை, கல் பாவிய முற்றம் இவற்றில் ஒன்றாக இருக்கட்டும். படுக்கையறை ஜன்னலுக்கு அருகில் என்றால் இரவு மணமும் வீட்டுக்குள் வரும்.

வெயில் ஆறு மணி நேரமாவது விழ வேண்டும். நிழலில் இலைதான் பெருகும், பூ குறையும். சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி, 60 செ.மீ. நீள அகல ஆழத்தில் குழி எடுங்கள். தோண்டிய மண் இரண்டு பங்கு, மட்கிய எரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு கலந்து நிரப்பினால் போதும். களிமண்ணாக இருந்தால் குழியோடு நிறுத்தாமல் சுற்றுமண்ணையும் மேடாக்குங்கள். இல்லையேல் மழைநீர் குழியில் தேங்கி வேர் அழுகிவிடும். தொட்டியில் வளர்ப்பதானால் 45 செ.மீ. அகலத்துக்குக் குறையாமல் எடுத்து, அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விதையிலும் வரும், குச்சியிலும் வரும். காய் நாணயம்போலத் தட்டையாக இருக்கும். பழுப்பேறிக் காய்ந்ததும் விரலால் பிளந்தால் இரண்டு பாதியாகப் பிரியும், பாதிக்கு ஒரு விதை. இரவு முழுக்க ஊறவைத்து 1 செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள். பழைய விதை ஏமாற்றும், அந்தப் பருவத்து விதையையே எடுங்கள். குச்சி நடுவதானால் பென்சில் கனத்தில், முற்றியும் முற்றாமலும் உள்ள கிளையில் 15 முதல் 20 செ.மீ. வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகும்படி நட்டு நிழலில் வையுங்கள். எல்லாக் குச்சியும் வேர்விடாது, நாலைந்தாக நடுவதே நல்லது.

பலர் இந்த மரத்தைக் கொல்வது வறண்ட மாதங்களில்தான். அப்போது இலை பழுத்துக் கொட்டும். செடி சாகிறதென்று பயந்து தினமும் தண்ணீர் ஊற்றுவார்கள், ஈரத்தில் வேர் அழுகி அது உண்மையாகவே செத்துவிடும். சந்தேகமாக இருந்தால் இளங்கிளையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. மண் இரண்டு விரற்கடை ஆழம் காய்ந்தபிறகு மட்டும் தண்ணீர் விடுங்கள்.

கவாத்து செய்யும் காலமும் முக்கியம். பூ புதுத் துளிரில்தான் வரும். பூப்பருவம் ஓய்ந்து காய் முற்றியதும், ஒவ்வொரு கிளையிலும் மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள். மொட்டு கட்டும் நேரத்தில் கத்தரி வைத்தால் அந்த ஆண்டுப் பூ போனதுதான். விட்டுவிட்டால் 10 மீட்டர் வரைகூட ஏறும். ஆண்டுதோறும் வெட்டினால் 3 மீட்டரில் அடர்ந்து நிற்கும்.

மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். உச்சிவெயிலில் தெளித்தால் இலை கருகும்.

பூ சேகரிக்க, இரவே மரத்தடியில் பருத்தித் துணி விரித்துவிடுங்கள். வெயில் ஏறுமுன் எடுத்துவிட வேண்டும், இதழ் சீக்கிரம் வாடும். இதை நாரில் தொடுக்க வராது. மெல்லிய ஊசியால் குழல் வழியே கோக்கலாம்.

குழலில் இருப்பது குங்குமப்பூ நிறத்துக்கு நெருங்கிய சாயம். தினமும் குழல்களைக் கிள்ளி நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் இருட்டில் வையுங்கள். 20 கிராம் சேர ஒரு பருவமே ஆகலாம். எடை கூடுவது மெதுவாகத்தான். 20 கிராம் எடையுள்ள பட்டுத்துணியை, 2 கிராம் படிகாரம் கரைத்த வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு ஊறவைக்கவும். மறுநாள் எஃகுப் பாத்திரத்தில் குழல்களைத் தளதளவென்று கொதிக்கவிடாமல் அரைமணி நேரம் சூடாக்கி வடிகட்டி, அந்த நீரில் துணியை முக்கி மேலும் 45 நிமிடம் இளஞ்சூட்டில் வைத்து, அதிலேயே ஆறவிடுங்கள். இரும்புப் பாத்திரம் வேண்டாம், நிறம் மங்கும். காயவைப்பதும் நிழலில்தான், இந்தச் சாயம் வெயிலில் வெளிறும்.

இலையின் மேற்புறத்தைத் தடவிப் பாருங்கள், உப்புத்தாள்போல் சொரசொரக்கும். சிறு மரச்சாமான்களைத் தேய்த்து மெருகேற்ற அது உதவும். இலைக் கஷாயம் சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் உண்டு, கடுங்கசப்பு. மருத்துவர் அளவு சொல்லாமல் குடிக்க வேண்டாம்.