செப்புக் கம்பியும் ஃபெசன்ட் வாலிறகும்: ட்ரவுட் மீனுக்கு ஒரு செயற்கைப் பூச்சி கட்டும் முறை

ட்ரவுட் மீன் தன் இரையில் பெரும்பகுதியை நீருக்கு அடியிலேயே தின்கிறது. ஆகவே தூண்டில் முள்ளின்மேல் இரைபோலத் தோன்றும் செயற்கைப் பூச்சி கட்டப் பழகுகிறவர், நீர்மேல் மிதக்கும் வகையை விட்டுவிட்டு, மூழ்கும் இளம்பூச்சி ஒன்றில் தொடங்குவதே நல்லது. இங்கிலாந்தின் வில்ட்ஷயரில், ஏவன் ஆற்றின் காவலராகப் பல்லாண்டு பணியாற்றிய ஃபிராங்க் சாயர் வடிவமைத்த ‘ஃபெசன்ட் டெயில் நிம்ஃப்’ (ஃபெசன்ட் வாலிறகு இளம்பூச்சி) அதற்கு மிகவும் ஏற்றது. தூண்டில் முள்ளைத் தவிர இதற்கு வேண்டியவை இரண்டே: ஆண் ஃபெசன்ட் பறவையின் செம்பழுப்பு வாலிறகு, மெல்லிய செப்புக் கம்பி. நூல் கிடையாது. கட்டுவதும் கம்பிதான், எடை தந்து மூழ்கச் செய்வதும் கம்பிதான், இறகிழைகளுக்கு இடையே மங்கலாக மின்னுவதும் கம்பிதான். நூலும் பசையும் சேர்த்துக் கட்டியவை இன்று கடைகளில் ஏராளமாகக் கிடைக்கின்றன. மீனும் அவற்றில் சிக்கும். ஆனால் மூல வடிவத்தின் சிக்கனம் அவற்றில் இல்லை.

14 அல்லது 16ஆம் எண் முள்ளை எடுத்துக்கொள்ளுங்கள்; எண் கூடக்கூட முள் சிறியதாகும். முள்ளின் வளைவை இடுக்கியில் அசையாமல் பொருத்தி, காதுக்கு, அதாவது தூண்டில் நூலைக் கோக்கும் துளைக்கு, ஒரு மில்லிமீட்டர் பின்னால் கம்பியைத் தொடங்கி, சுற்றுக்குச் சுற்று ஒட்டியபடி வளைவு வரை கொண்டுசெல்லுங்கள். பின்பு முன்பகுதிக்குத் திரும்பி, தண்டின் முன் மூன்றில் ஒரு பங்கில் மட்டும் அடுக்கடுக்காகச் சுற்றி, பூச்சியின் மார்புபோல ஒரு சிறு புடைப்பை எழுப்புங்கள். பூச்சி எந்த ஆழத்துக்கு இறங்கும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்தப் புடைப்புதான் என்பதால், இங்கே அவசரம் கூடாது. புடைப்பின் பின்சரிவு படிப்படியாக மெலிய வேண்டும்; செங்குத்தாக நின்றால், மேலே சுற்றும் இழைகள் வழுக்கி விலகிவிடும். கம்பியை மீண்டும் வளைவுக்குக் கொண்டுவந்து தொங்கவிடுங்கள்.

வாலிறகின் நடுத்தண்டிலிருந்து நான்கு இழைகளை, நுனிகள் ஒன்றுபோல் நிற்கும்படி பிடித்து, ஒரே இழுப்பில் உரித்தெடுங்கள். நுனிகள் வளைவுக்குப் பின்னால் ஏறக்குறைய 3 மி.மீ. நீண்டிருக்குமாறு வைத்து, இரண்டு மூன்று சுற்றுக் கம்பியால் இறுக்குங்கள், இதுவே வால். மிஞ்சிய இழைகளைத் தொங்கும் கம்பியோடு சேர்த்து முறுக்கி, இரண்டையும் ஒன்றாகவே காதுப்பக்கம் நோக்கிச் சுற்றிச் செல்லுங்கள். ஃபெசன்ட் இழை எளிதில் ஒடியக்கூடியது. தனியாகச் சுற்றினால் ட்ரவுட்டின் கூரிய பற்கள் அதை ஒரே கடியில் அறுத்துவிடும். கம்பியோடு முறுக்கினால் தாங்கும்.

காதின் பின்னால் வந்ததும் கம்பியையும் இழைகளையும் பிரித்து, இழைகளை அங்கேயே கம்பியால் இறுக்குங்கள். கம்பியைப் புடைப்பின் பின்முனைக்குக் கொண்டுசென்று, இழைகளைப் புடைப்பின் முதுகின்மேல் பின்னோக்கி மடித்துக் கட்டுங்கள். பிறகு கம்பியை முன்னே கொண்டுவந்து, இழைகளையும் முன்னோக்கி மடித்துக் கட்டுங்கள். முதுகில் இருண்டு தெரியும் இந்த மடிப்பு, சிறகு விரியும் பருவத்தை எட்டிய இளம்பூச்சியின் சிறகுறையைக் காட்டும். இறுதியில் காதின் பின்னால் சில சுற்றுகளை நெருக்கமாக இட்டு முடிச்சிட்டு, எஞ்சிய இழைகளைக் கத்தரியுங்கள். கம்பியை முன்னும் பின்னும் அசைத்தே ஒடித்துவிடலாம்.

கால்கள் எங்கே என்று கேட்கலாம். நீந்தும்போது இந்தப் பூச்சிகள் கால்களை உடலோடு ஒட்டி வைத்துக்கொள்கின்றன என்பதைச் சாயர் கவனித்திருந்தார். எனவே அவர் கால்களைச் சேர்க்கவில்லை. அவருக்குப் பின் ஆலிவர் கைட் என்ற ஆங்கிலேயத் தூண்டில்காரர் இறகையும் விட்டுவிட்டு, செப்புக் கம்பிப் புடைப்பு மட்டுமே கொண்ட வெறும் முள்ளால் ட்ரவுட் பிடித்துக் காட்டினார். இழையின் நிறத்தைவிட உருவமும் அசைவும் முக்கியம் என்றே இதிலிருந்து கொள்ள வேண்டியிருக்கிறது.

மீன் நிற்கும் இடத்துக்கு முன்னால், நீரோட்டம் வரும் பக்கத்தில் எறிந்து, மூழ்க விட்டு, மீனை நெருங்கும் வேளையில் தூண்டில் கோலின் நுனியைச் சற்றே உயர்த்துங்கள். மேலெழும் பூச்சியென்று நம்பி மீன் கவ்வும். பயன்படுத்தியதை நன்கு உலர்த்திய பிறகே பெட்டியில் வையுங்கள், இல்லையெனில் முள் துருவேறும்.